வரிசையில் நின்ற நாடகம்

எங்கள் கல்லூரியில் தமிழ் படிப்பித்த மாஸ்டர் 1992இல் ஒரு நாடகம் எழுதினார். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சங்கக்கடை என்ற கூட்டுறவுக் கடையின் வாசலில் ஒரு வரிசை. கூப்பன் மட்டையோடு ஒரு ஆச்சி, இடையில் புகப் பார்க்கும் இளந்தாரி, எரிந்து விழும் மனேச்சர். இவர்களோடு, வெளிநாட்டிலிருக்கும் மகனின் கடிதத்தை அகப்பட்டவர் எல்லோரிடமும் நீட்டி "ஒருக்கா வாசிச்சுச் சொல்லு மோனை" என்று கேட்கும் ஒரு அப்பு. அப்பு நான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990இலேயே மின்சாரம் போய்விட்டது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய், சவுக்காரம், பற்றறி எல்லாம் கண்ணில் படாத சாமான்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்களுக்குப் பெற்றோல்மக்ஸ் ஏற்றி நாடகம் போட எண்ணெய்க்கு எங்கே போவது? பின்னேரம் மூன்று மணிக்கு, மண்டபத்துக் கதவு யன்னல் எல்லாம் திறந்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில்தான் அரங்கேற்றம். மின்விளக்கு மேடையில் நிற்பவனுக்கு முன்னால் வெறும் இருட்டுத்தான் தெரியும். எங்களுக்கோ பாயிலும் வாங்கிலும் இருந்த ஒவ்வொரு முகமும் தெரிந்தது. ஆர் கொட்டாவி விடுகிறார், ஆர் பக்கத்தில் இருப்பவரின் காதுக்குள் குசுகுசுக்கிறார் என்பதுகூட.

ஒத்திகையில் எங்கே சிரிப்பு வரும், எங்கே வராது என்று எல்லாம் முடிவு செய்து வைத்திருந்தோம். ஆச்சி வந்ததும் "சவுக்காரம் வந்ததோ?" என்று கேட்பாள். ஒன்றுமில்லாத வசனம் என்று மாஸ்டர் வெட்டவிருந்தது அது. மண்டபம் வெடித்தது! கைதட்டலில் மனேச்சரின் பதில் ஒருவருக்கும் கேட்கவில்லை. மனேச்சராக நடித்தவன் கெட்டிக்காரன். சிரிப்பு அடங்கும்வரை பேரேட்டைப் புரட்டிக்கொண்டு நின்றுவிட்டு, "இல்லை" என்று ஒரு சொல்லோடு மூடினான். திரும்பவும் சிரிப்பு. அந்தப் பேரேட்டைப் புரட்டும் வேலை பிரதியில் இருக்கவில்லை.

கடிதக் காட்சி மறுபக்கம். நாலைந்து பேர் வாசித்த பிறகு ஒருவன், "அப்பு, இது போன வருசத்துக் கடிதம்" என்பான். அதற்குத்தான் பெரிய சிரிப்பு என்று நம்பியிருந்தோம். நான் கூனலும் நடுக்கமுமாய்ப் பகிடிக்கு ஒரு நடையே பழகி வைத்திருந்தேன். முன்னால் பாயில் இருந்த பெண்கள் சிரிக்கவில்லை. ஒருவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அந்த மண்டபத்தில் அப்படிப் பழங்கடிதம் ஒன்றை மடித்து வைத்திருக்காத வீடு எத்தனை இருந்திருக்கும்? என் நடுக்கம் தானாக நின்றது. குரலும் இறங்கியது. "தெரியும் மோனை, வாசி" என்றேன். வசனம் அதேதான், ஒத்திகையில் கத்திச் சொன்னது.

மாஸ்டர் திரைக்குப் பின்னால் நிற்பவரல்ல. மேடைக்கு முதுகைக் காட்டி நிலத்தில் குந்தியிருந்து, சனத்தின் முகங்களைப் பார்த்தபடி கொப்பியில் பென்சிலால் எழுதுவார். நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் தொடக்கிய நாடக அரங்கக் கல்லூரியின் பயிற்சிகளுக்குப் போய்வந்தவர். அங்கே படித்ததா, தன் பாட்டில் பழகியதா என்று நாங்கள் கேட்டதில்லை.

பழைய இசைநாடகத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' என்ற அரிச்சந்திரன் கதை பார்க்கப் போன சனத்துக்குக் கதை முழுதும் தண்ணிபட்ட பாடு. எந்த இடத்தில் அழவேண்டும் என்று நடிகருக்கு முன்னாலேயே அவர்களுக்குத் தெரியும். புதுநாடகத்துக்கு வருபவருக்கு ஒன்றும் தெரியாது, எழுதியவருக்கும் அரைவாசிதான் தெரியும். மிச்சத்தை முதல் மேடையில் சனம் காட்டித்தர வேண்டும். அதனால் அரங்கேற்றத்தை வைத்து ஒரு புதுநாடகத்தை எடைபோடுபவர்களோடு எனக்கு இன்றைக்கும் ஒத்துவருவதில்லை.

பிறகு ஒரு கோயில் வீதியிலும் போட்டோம். நடுவில் இராணுவ ஹெலிகொப்ரரின் இரைச்சல். பார்த்தவர்களும் நடித்தவர்களும் ஒன்றாய் மேலே அண்ணாந்து பார்த்தோம். இளந்தாரியாக நடித்தவன் வரிசையை விட்டு ஓட வெளிக்கிட, சனத்துக்குள் இருந்து ஒரு கிழவர், "டேய், கல்லை வைச்சு இடத்தைப் பிடிச்சிட்டு ஓடு!" என்று குரல் கொடுத்தார். பயத்தில் இருந்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவனும் குனிந்து ஒரு கல்லை எடுத்து வைத்துவிட்டுத்தான் ஓடினான்.

அடுத்த நாளே அந்த வசனத்தை மாஸ்டர் பிரதியில் ஏற்றினார். ஹெலிச் சத்தத்துக்கு மேளத்தைப் பாவிப்பதென்றும் முடிவாயிற்று. அடுத்த மேடையில் மேளகாரப் பெடியன் கொஞ்சம் அதிகமாகவே திறமை காட்டிவிட்டான்; முன்வரிசை ஆச்சிமார் உண்மையாகவே எழும்பி மதிலோரம் ஓடிவிட்டார்கள். அவர்களைக் கூட்டிவந்து இருத்தி நாடகத்தைத் தொடரக் கால் மணித்தியாலம் பிடித்தது. மாஸ்டர் மேளத்தை வெட்டினார். கல்லையும் கிழவரின் வசனத்தையும் விட்டுவைத்தார்.