பாதாம் பாலும் வராத கோடும்

சித்தப்பா போன வருஷம் தாம்பரத்தில் ராத்திரி ரயில் ஏறினார். பாபநாசத்தில் இறங்கியிருக்க வேண்டியவரைத் தஞ்சாவூரில், காலிப் பெட்டியைக் கூட்ட வந்தவர்கள்தான் தட்டி எழுப்பியிருக்கிறார்கள். கையில் வாட்ச் இருந்த இடத்தில் வெளுத்த பட்டை மட்டும். மோதிர விரலில் தேங்காய் எண்ணெய்ப் பிசுபிசுப்பு, நிதானமாகத் தடவிக் கழற்றியிருக்கிறான். விழுப்புரம் தாண்டி எதிர் சீட்டுக்காரர் ஃபிளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த பாதாம் பால் வரைக்கும்தான் அவருக்கு ஞாபகம். நெற்றி நிறைய விபூதி, பேத்தி கல்யாணத்துக்குப் போகிறேன் என்றாராம்.

கொண்டுபோன ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு குடிச்சீங்க?" ஒரு சொட்டு தொடாத மனுஷர். மோதிரம் போனதைவிட அதுதான் அவரைச் சுட்டது.

நான் கும்பகோணத்தில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் அவரிடம் சிறுநீர் வாங்கி, மருந்துப் பரிசோதனை அட்டையில் மூன்று சொட்டு விட்டேன். அட்டை வேலை செய்கிறது என்று காட்டும் 'சி'யில் கோடு வந்தது, மருந்தைக் காட்டும் 'டி'யில் வரவே இல்லை. கர்ப்பம் பார்க்கிற அட்டை பழகியவர்களுக்கு இது தலைகீழ்: கோடு வராவிட்டால்தான் மருந்து இருக்கிறது என்று அர்த்தம். அட்டையில் தடவியிருக்கும் மருந்தும் சிறுநீரில் வரும் மருந்தும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரே ஆன்டிபாடிப் புரதத்துக்குப் போட்டி போடும். சிறுநீரில் இருப்பது முந்திக்கொண்டால் கோட்டில் ஒட்ட எதுவும் மிச்சமிருக்காது. சிக்கியது பென்சோடயசெபின், அதாவது டயசெபாம், அல்பிரசோலாம் வகையறா தூக்க மாத்திரை. இதிலும் லோராசெபாமாக இருந்தால் பல அட்டைகளில் சிக்காமலே போய்விடும், எங்களுக்கு அதிர்ஷ்டம்தான்.

அட்டையோடு புகார் கொடுக்கப் போனால் தனியார் லேப் அட்டையெல்லாம் செல்லாது என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான், இது முதல் சல்லடை, வழக்கு நிற்க வேண்டுமென்றால் தடய அறிவியல் ஆய்வகத்தில், மூலக்கூறின் எடையை வைத்து மருந்தை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வரைக்கும் போயாக வேண்டும். ஆனால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 123-ஆம் பிரிவில் 10 வருஷம் வரை உள்ளே தள்ளக்கூடிய குற்றம் இது, காலையிலேயே ரத்தமும் சிறுநீரும் எடுத்து சீல் வைக்க யாருக்கும் தோன்றவில்லையே!

அப்புறம்தான் குடிக்கிறதையே சோதிக்கும் கருவிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 2014-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேர், விரலை முக்கினால் நிறம் மாறும் நகப்பூச்சு செய்கிறோம் என்று கிளம்பினார்கள். அவர்கள் தொடங்கிய நிறுவனம் கடைசியில் கொண்டுவந்தது நகப்பூச்சு இல்லை, நாணயம் அளவு வில்லை ஒன்று. என் சிறுநீர் அட்டையில் உள்ள அதே கோட்டு வித்தைதான்.

எனக்கு அதிகம் பிடித்தது சுகர் ஸ்ட்ரிப்பின் பங்காளி ஒன்று. கார்பன் மையில் அச்சடித்த ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு விட்டு வோல்டேஜை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால், மருந்து தனக்கான வோல்டேஜ் வரும்போது எலக்ட்ரானை வாங்கும் அல்லது விடும், அந்த இடத்தில் கரண்ட் ஒரு மேடு போடும். மேடு எங்கே என்பது எந்த மருந்து என்றும், எவ்வளவு உயரம் என்பது எவ்வளவு மருந்து என்றும் சொல்லும். மீட்டர் பாக்கெட்டில் அடங்கிவிடும். தண்ணீரில் அழகாக வரும் அந்த மேடு பாலில் சரியாக வராது, கொழுப்பும் புரதமும் கார்பன் மேல் படிந்து அமுக்கிவிடும். நிறம் மாறும் தாளோ, குங்குமப்பூ போட்ட மஞ்சள் பாலில் என்ன நிறத்தைக் காட்டும்? வெளிநாட்டு பார்களை மனதில் வைத்துச் செய்தவை பல, கெட்டமைன், ஜிஹெச்பி என்ற மயக்க மருந்துகளைத் தேடுகின்றன. நம்ம ரயிலில் கலக்குகிறவன் தூக்க மாத்திரைக்காரன். எது வாங்கினாலும் 'இல்லை' என்று காட்டினால், இந்தச் சொட்டில் இந்த மருந்து சிக்கவில்லை என்பதுதான் பொருள், தாராளமாகக் குடி என்பதல்ல.

போன வாரம் பாபநாசம் போனபோது இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"சரிடா தம்பி, ஒரு பெரிய மனுஷன் தன் கையால ஊத்திக் கொடுக்கிறாரு. அவரு கண்ணு முன்னாடியே சீட்டை முக்கிப் பாக்கச் சொல்றியா?"

"பாத்ரூம் பக்கம் போய்ப் பாக்கலாமே சித்தப்பா."

"பால் டம்ளரோடயா?"