சட்டசபையில் ஒன்றரை நிமிட ஜெபம்

ஜனவரியில் எங்கள் பகுதி செனட்டரின் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். இங்கே மாநிலச் சட்டசபை உறுப்பினரைச் செனட்டர் என்பார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலச் சட்டசபையில் ஒருநாள் காலை ஆரம்ப ஜெபம் செய்ய வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்காரன், இங்கே கியர்னி பக்கம் ஒரு சிறிய மெதடிஸ்ட் சபைக்குப் போதகர். வருகிறேன் என்று உடனே பதில் போட்டுவிட்டேன். சுருக்கமாக, எல்லா மதத்தாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று கீழே எழுதியிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

நம் ஊர்ச் சட்டசபையில் சபாநாயகர் ஒரு குறள் வாசித்துப் பொருள் சொல்வார், அவை தொடங்கிவிடும். இங்கே ஆரம்ப ஜெபத்தின் மேலேயே வழக்கு நடந்திருக்கிறது, அதுவும் இதே நெப்ராஸ்காவில். ராபர்ட் பால்மர் என்ற பிரெஸ்பிடீரியன் போதகர் 1965 முதல் இந்த அவையில் ஜெபித்துவந்தார். கூட்டம் நடக்கும் மாதங்களில் 319.75 டாலர் சம்பளம். வரிப்பணத்தில் ஜெபமா என்று எர்னி சேம்பர்ஸ் என்ற உறுப்பினர் வழக்குப் போட்டார். 1983-ல் உச்ச நீதிமன்றம், ஆறு பேர் ஒருபக்கம் மூன்று பேர் மறுபக்கமாக, இது செல்லும் என்றது.

தீர்ப்பைத் தேடி வாசித்தேன். பால்மர் முதலில் கிறிஸ்துவின் பெயரைச் சொல்லித்தான் ஜெபித்தாராம். 1980-ல் யூத உறுப்பினர் ஒருவர் முறையிட்டதும் அதை விட்டுவிட்டார். போகிறபோக்கில் வரும் ஒரு குறிப்புதான். என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

ஊரில் அப்பா ஓய்வுபெற்ற உபதேசியார். போனில் சொன்னேன்.

"இயேசப்பா பேரைச் சொல்லாம ஜெபமாடே? கையெழுத்துப் போடாத செக்குல்லா அது!"

இத்தனை வருடம் ஆங்கிலத்தில் பிரசங்கம் செய்தாலும் ஜெபம் எனக்குத் தமிழில்தான் வரும். முதல் வரைவில் "எங்கள் பாவங்களை மன்னியும்" என்று தானாக வந்து விழுந்தது. அங்கே இருப்பவர்கள் 49 செனட்டர்கள். அவர்கள் கேட்காமல், அவர்களையும் சேர்த்து "எங்கள்" என்று சொல்ல நான் யார்? அடித்தேன். அடுத்து, "ஏழைகள்மேல் சுமை ஏறாதபடி" என்று ஒரு வரி. "சொத்துவரிக்காக அங்க அடிச்சுக்கிறாங்க, நீங்க வேற போய்க் கட்சி கட்டப்போறீங்களாங்க?" என்றாள் மனைவி. அதுவும் போயிற்று. அவள் சொன்னது நியாயம்தான். பக்கத்துக் கான்சாஸில் 1996-ல் ஒரு போதகர் ஜெபம் என்று கருக்கலைப்பு முதல் அரசு உதவிப்பணம் வரை விளாசித்தள்ளிப் பெரிய ரகளையாகிவிட்டது. ஜெபத்தில் ஆண்டவரிடம் பேசுவதுபோல எதிரே இருப்பவனைக் குத்துவது எங்கள் தொழிலில் பழைய வியாதி.

கடைசியில் மிஞ்சியது, ஞானம் தாரும், பொறுமையோடு கேட்கிற காது தாரும், வறண்ட நிலங்களுக்கு மழை தாரும். அடுப்பு டைமரை வைத்து வாசித்துப் பார்த்தேன். ஒன்றரை நிமிடம். முடிவில் "உமது நாமத்தில்" என்று மட்டும் எழுதினேன். என் சபையில் நான் மேய்ப்பன். அங்கே போய் நிற்பது விருந்தாளியாக.

பிப்ரவரிப் பனியில் லிங்கனுக்கு இரண்டு மணிநேரத்துக்கும் மேல் ஓட்டினேன். சட்டசபைக் கோபுரம் 400 அடி. உச்சியில் வெண்கலத்தில் ஒருவர் விதை தூவிக்கொண்டு நிற்பார். போதகனுக்கு இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமை நினைவுக்கு வராமல் இருக்குமா!

ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார்கள். மைக் என் நெற்றி உயரத்தில் இருந்தது, இறக்கத் தெரியாமல் கொஞ்சம் எக்கி நின்றே ஆரம்பித்தேன். தாள் கையில் படபடவென்று ஆடியது. பார்த்து வாசிப்பதால் கண்ணை மூட முடியவில்லை. எல்லாரும் தலை குனிந்திருக்க, பின்வரிசையில் ஒருவர் மட்டும் நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகவும் தெரியவில்லை, பக்தியாகவும் தெரியவில்லை. ஜெபத்தில் கண் திறந்திருந்தவர்கள் நாங்கள் இருவர்தான். "உமது நாமத்தில்" என்று வந்ததும், நாற்பது வருடப் பழக்கத்தில் அடுத்த வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு ஆமென் சொன்னேன். அந்த இடைவெளி எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

அப்புறம் கொடி வணக்கம், வருகைப்பதிவு, அவரவர் வேலை. நான் வெளியே வந்து காபி குடித்தேன்.

அன்றைய அவைக் குறிப்பில் ஜெபம் என்று போட்டு ஒரே வரி. என் பெயரும் சபையின் பெயரும் இருந்தன, என்ன ஜெபித்தேன் என்று இல்லை. அப்பாவுக்கு அச்சிட்டு அனுப்பினேன். கையெழுத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அந்தத் தாளுக்குச் சட்டம் போட்டு வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறாராம்.