பழைய டைரியில் உலக வரலாறு: இதுவரை

புத்தாண்டுக்கு யாரோ கொடுத்த டைரி எழுதாமலே கிடந்தது. கிழமைகளை ஒயிட்னரால் அழித்துவிட்டு, தேதியை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தந்த நாளில் உலகில் நடந்ததை எழுதி வருகிறேன். பக்கத்துக்கு ஒரு சம்பவம்தான்.

ஜூலை 14 பாஸ்டில் சிறை, நவம்பர் 9 பெர்லின் சுவர் என்று பாதி டைரி மளமளவென்று நிரம்பிவிட்டது. இழுத்தடித்தவை வேறு.

முதலில் அப்பல்லோ 11. 1969இல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது ஹூஸ்டனில் ஜூலை 20 இரவு 9.56. இங்கே நமக்கு 21 காலை 8.26, ஆபீசுக்குக் கிளம்பும் நேரம். நடந்த ஊரின் தேதியைத்தான் எழுதுவது என்று வைத்திருந்தேன். நிலவுக்கு ஏது தேதி? கட்டுப்பாட்டு அறை இருந்த ஊரின் தேதி என்று முடிவு செய்து 20இல் எழுதினேன்.

அக்டோபர் புரட்சியில் அந்த விதியும் உதவவில்லை. 1917இல் பெட்ரோகிராட் காலண்டரில் அன்று அக்டோபர் 25. ஆனால் ரஷ்யா 1918 ஜனவரி 31க்கு மறுநாளை பிப்ரவரி 14 என்று மாற்றிக்கொண்டது. அந்த 13 நாள் தாவலைக் கூட்டி, பிறகு அவர்களே நவம்பர் 7இல்தான் விழா எடுத்தார்கள். கொண்டாடுகிறவர்கள் சொல்வதுதான் கணக்கு. அக்டோபர் 25இல் பென்சிலால் 'நவம்பர் 7 பார்க்க' என்று குறித்தேன்.

இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம் அக்டோபர் 15. ஸ்பெயினின் ஆல்பா தே தோர்மெஸ் ஊரில் கத்தோலிக்கத் துறவி அவிலா புனித தெரேசா (நம் அன்னை தெரேசா அல்ல) இறந்தது 1582 அக்டோபர் 4 இரவு. மறுநாள் அடக்கம் செய்தார்கள். ஆனால் அந்த மறுநாள் அக்டோபர் 15! போப் கிரிகோரி காலண்டரைத் திருத்தியதில் நடுவில் இருந்த பத்து நாட்களும் போயே போய்விட்டன. அவருடைய திருநாளும் 15ஆம் தேதிதான்.

பிப்ரவரி 29 என் டைரியிலேயே கிடையாது, தனித்தாள் ஒட்டினேன். 1504இல் ஜமைக்காவில் கப்பல்கள் புழு அரித்துக் கரைதட்டிக் கிடக்க, கொலம்பஸ் பஞ்சாங்கத்தில் சந்திர கிரகணம் பார்த்து, 'உங்கள் நிலவைக் கடவுள் மறைப்பார்' என்று அங்கிருந்த மக்களை மிரட்டிச் சாப்பாடு வாங்கிய இரவு அது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் கடைந்தெடுத்த ஏமாற்று. வானியல் பட்டியல்களில் அதே கிரகணம் கிரீன்விச் நேரப்படி மார்ச் 1 என்றிருக்கும். பெரிய எழுத்தில் 29 என்றே எழுதிவிட்டேன்.

இப்போது நியூட்டனில் நிற்கிறேன். பிறந்தபோது இங்கிலாந்துக் கணக்கில் 1642 டிசம்பர் 25. இன்றைய காலண்டரில் 1643 ஜனவரி 4. என் விதிப்படி டிசம்பர் 25தான். ஆனால் அந்தப் பக்கத்தில், 800ஆம் ஆண்டு ரோமில் பேரரசராக முடிசூடிய சார்லமேன் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். ஜனவரி 4 காலி.