நிஷிகசாயும் டிராகன் குவெஸ்ட்டும்

ஜப்பான் வர்ற நம்மாளுங்க நிறைய பேரு மாதிரி நானும் டோக்கியோல நிஷிகசாய்லதான் வந்து இறங்குனேன். 2000 வாக்குல கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவங்க இந்த ஏரியாவப் புடிச்சதுக்குக் காரணம் ரொம்ப சிம்பிள், தோசாய் லைன் ரயில் ஏறுனா ஒதேமாச்சி, நிஹோம்பாஷி ஆபீஸுங்களுக்கு மாறாம போயிடலாம், யூஆர்ங்கற அரசு சார்பு குடியிருப்புல வீடு எடுக்க ஜாமீன் போட ஆளும் வேணாம், வீட்டுக்காரருக்கு சும்மா தூக்கிக் குடுக்குற கீ மணியும் கிடையாது. வேற எடத்துல எல்லாம் வெளிநாட்டுக்காரன்னு சொன்னதுமே போன்ல ஒரு மூச்சு இழுப்பாங்க பாருங்க, அத கேட்டாலே பதில் தெரிஞ்சுரும்.

வீடு கெடச்சாலும் பேரு பிரச்சனை விடல. நமக்கு ஏதுங்க குடும்பப் பேரு, பாஸ்போர்ட்ல அப்பா பேரு அந்தக் கட்டத்துல உக்காந்துருக்கு, அதனால ஆபீஸ்ல எல்லாரும் என்னை சுப்ரமணியம்-சான்னுதான் கூப்பிடுவாங்க, 'சான்'னா நம்ம 'சார்' மாதிரி. மொத வாரம் யாரோ எங்கப்பாவ கூப்பிடுறாங்கன்னு திரும்பிப் பாத்துட்டு இருந்தேன். அதையும் வெளிநாட்டுப் பேர எழுதுற கதகனா எழுத்துல எழுதுனா வங்கி ஃபாரத்துல கட்டம் பத்தாது.

எங்க டீம்ல ஒரு சீனியர், அம்பது வயசு இருக்கும், யார்கிட்டயும் அதிகமா பேச மாட்டாரு. நான் ஹிரகனா, அதான் ஜப்பான் அரிச்சுவடி எழுத்து, படிச்சுட்டு இருக்கேன்னு தெரிஞ்சதும் அடுத்த நாள் ஒரு பழைய கேசட்டும் அத போட்டா ஓடுற ஒரு டூப்ளிகேட் மெஷினும் பையில போட்டுக் கொண்டு வந்து மேசை மேல வச்சாரு. டிராகன் குவெஸ்ட்ங்கற வீடியோ கேம், 1986 மே 27 அன்னைக்கு எனிக்ஸ் கம்பெனி ஃபேமிகாமுக்கு, அதான் டிவில மாட்டி விளையாடுற நிண்டெண்டோ மெஷினுக்கு, வெளியிட்டது. "இதுல சீன எழுத்து கான்ஜியே கிடையாது, மணி-சான்"னாரு, அவரு மட்டும்தான் அப்பா பேர விட்டுட்டு என் பேர சொல்லுவாரு.

ஆன் பண்ணதும் பேரு கேக்குது, நாலு எழுத்துக்குள்ள. மா, நி, ரெண்டே எழுத்து, முடிஞ்சுது. குடும்பப் பேரு, பிறந்த தேதி, முத்திரை ஒண்ணும் கேக்கல. ஜப்பான்ல நான் நிரப்புன ஃபாரத்துலயே சுலபமான ஃபாரம் அதுதான்.

அடுத்து ராஜாவோட ரூம்ல நிக்குறோம், கதவு பூட்டியிருக்கு. மூணு பெட்டி, ஒண்ணுல 120 பொற்காசு, ஒண்ணுல சாவி, ஒண்ணுல தீப்பந்தம். பெட்டிய எடுக்கணும், சாவிய வச்சு கதவ தொறக்கணும், படிக்கட்டுல இறங்கணும், அதுக்கு மெனுல 'படிக்கட்டு'ன்னே ஒரு கட்டளை இருக்கு, அத அழுத்துனாத்தான் இறங்குவான். இப்ப பாத்தா சிரிப்பு வரும், ஆனா 1986ல ஜப்பான் பசங்களுக்கு மாரியோ தெரியும், ஆர்பிஜி, அதான் ஒரு ஆளா மாறி கதைக்குள்ள சுத்துற ரோல் பிளேயிங் கேம், அப்படின்னா என்னன்னே தெரியாது, அதனால வெளிய விடறதுக்கு முன்னாடி அந்த ஒரே ரூம்ல எல்லா வேலையையும் கத்துக்குடுத்துட்டாங்க. இத யோசிச்சவரு யூஜி ஹோரி, அவாஜி தீவுக்காரர், ஷோனென் ஜம்ப் காமிக்ஸ் பத்திரிகைல எழுதிட்டு இருந்தவரு. எனிக்ஸ் நடத்துன புரோகிராம் போட்டில ஒரு டென்னிஸ் கேம அனுப்பி ஜெயிச்சாரு, அதே போட்டில ஜெயிச்ச இன்னொரு பையன் கொய்ச்சி நகமுரா, அவரு கம்பெனி சுன்சாஃப்ட்தான் புரோகிராம் எழுதுச்சு. ரெண்டு பேரும் ஆப்பிள் கம்ப்யூட்டர்ல ஓடுற விசார்ட்ரி, அல்டிமாங்கற ரெண்டு கேமுக்கும் அடிமை. சண்டைத் திரைய ஒண்ணுல இருந்தும் மேல இருந்து பாக்குற மேப்ப இன்னொண்ணுல இருந்தும் எடுத்து, சாதாரண வீட்டுப் பையன் விளையாடுற அளவுக்கு இறக்கிக் குடுத்தாங்க. மொத்தமே 64 கிலோபைட், இடம் பத்தாம கதகனால ஒரு இருபது எழுத்த மட்டும் வச்சுக்கிட்டாங்களாம்.

எனக்கு அதிகமா பயன்பட்டது பேசுற கட்டளைதான். அந்த கேம்ல ஹீரோ எந்தப் பக்கம் நடந்தாலும் மூஞ்சி நம்ம பக்கம்தான், நண்டு மாதிரி பக்கவாட்டுல போவான், அதனால யார்கிட்டயாவது பேசணும்னா எந்தத் திசைன்னு தேர்ந்தெடுக்கணும், கிதா, மினாமி, நிஷி, ஹிகாஷி, அதாவது வடக்கு, தெற்கு, மேற்கு, கிழக்கு. ஒவ்வொரு காவலாளிகிட்டயும் அத அழுத்தி அழுத்தி, ஷின்ஜுகு ஸ்டேஷன்ல எந்த வாசல் வழியா வெளிய போறதுன்னு முழிக்காம இருக்குற அளவுக்கு வந்துட்டேன். காசு கட்டிப் போன கிளாஸ்ல இது வரல.

அப்புறம் சாவு. செத்தா ராஜா முன்னாடி போய் நிப்போம், "அடடா, செத்துப் போறதாவது"ன்னு ஒரு திட்டு, கைல இருக்குற காசுல பாதி போயிரும், ஆனா சம்பாதிச்ச அனுபவப் புள்ளி அப்படியே இருக்கும். ஹோரியோட பெரிய மனசு இதுலதான் தெரியுதுன்னு நான் நெனக்கிறேன். கைல திறமையே இல்லாதவன்கூட தொடர்ந்து உழைச்சா ஒரு நாள் ஜெயிச்சுருவான், லெவல் ஏறிரும். வில்லனோட கோட்டையும் மொத நிமிஷத்துலயே தண்ணிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியும், போக முடியாது, அவ்ளோதான்.

சேவ் பண்ற வசதி கிடையாது, அதுக்குப் பதிலா ராஜா ஒரு மந்திரம் சொல்லுவாரு, இருபது ஹிரகனா எழுத்து, நோட்டுல எழுதி வச்சுக்கணும். 'நு'வும் 'மே'வும், 'வா'வும் 'நே'வும் 'ரே'வும் பாக்க ஒரே மாதிரி, ஒரு எழுத்து தப்பாச்சுன்னா போச்சு. 1987ல வந்த ரெண்டாம் பாகத்துல இது அம்பத்திரெண்டு எழுத்து வரைக்கும் போகும். சீனியர் சின்ன வயசுல மங்கலான டிவில 'ba'வா 'pa'வான்னு தெரியாம அண்ணன் தம்பி அடிச்சுக்கிட்ட கதைய சொல்லும்போதுதான் அவரு சிரிச்சு நான் மொத தடவ பாத்தேன். ரெண்டாம் பாகத்துல ஹோரி யூஜி, படம் வரைஞ்ச தொரியாமா அகிரான்னு ஆளுங்க பேர வரிசையா அடிச்சு கடைசில பே பே பேன்னு நிரப்புனா நேரா 48வது லெவல்ல ஆரம்பிக்கலாம், அவருக்கு இன்னும் மனப்பாடம், நடுவுல மூச்சே விடாம ஒப்பிச்சாரு.

மூணாம் பாகம்தான் ஊரையே பொரட்டிப் போட்டுச்சு. 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை, ஸ்கூல் நாள். இகெபுகுரோ மாதிரி எடத்துல கடைக்கு முன்னாடி ராத்திரியே வரிசை, ஸ்கூலுக்கு மட்டம் போட்டு நின்ன நூத்துக்கணக்கான பசங்கள போலீஸ் புடிச்சு விசாரிச்சுது, வாங்கிட்டுப் போற பையன்கிட்ட இருந்து கேசட்ட புடுங்குறதும் நடந்துச்சு. வார நாள்ல டிராகன் குவெஸ்ட் விக்கக்கூடாதுன்னு ஜப்பான்ல சட்டமே இருக்குன்னு நம்ம பசங்க குரூப்ல அப்பப்ப ஒண்ணு சுத்தும், அது கதை, அப்படி சட்டம் எதுவும் இல்ல, எனிக்ஸே அதுக்கப்புறம் பெரும்பாலும் லீவு நாளாப் பாத்து வெளியிட ஆரம்பிச்சுது. நாலாம் பாகம் 1990 பிப்ரவரி 11, ஞாயித்துக்கிழமை, தேசிய விடுமுறையும்கூட. மூணுல பேட்டரி சேவ் வந்துருச்சு, மந்திரம் எழுதுற பாடு போச்சு, ஆனா திடீர்னு ஒரு அபசகுன மியூசிக் போட்டு உன் ரெக்கார்டு அழிஞ்சுருச்சுன்னு சொல்லும். அந்த மியூசிக்க ஆபீஸ்ல யாராவது முணுமுணுத்தா இன்னைக்கும் நாப்பது தாண்டுனவங்க தலைய நிமிர்த்திப் பாப்பாங்க.

நாலாம் பாகத்துல டொர்னெகோன்னு ஒரு குண்டு வியாபாரி, அவனுக்குன்னு தனி அத்தியாயம். காலைல பொண்டாட்டி மதிய சாப்பாடு கட்டிக் குடுப்பா, ஆயுதக் கடைக்கு வேலைக்குப் போவான், கல்லாவுல நிப்பான், சாயங்காலம் கூலி வாங்கிட்டு வீட்டுக்கு வருவான். டிராகனும் இல்ல ஒண்ணும் இல்ல. காலை எட்டு மணி தோசாய் லைன்ல நசுங்கிட்டுப் போறவனுக்கு அவன் மேல ஒரு பாசம் வராம இருக்காது.

கேம்ல சண்டைக்கு வர்ற ஸ்லைம்னு ஒரு நீலச் சொட்டு, அது இங்க எங்க பாத்தாலும் இருக்கும். ஹோரி வரைஞ்சு அனுப்புனது ஒரு கொழகொழ குவியல், டிராகன் பால் வரைஞ்ச அகிரா தொரியாமா அத சிரிக்கிற சொட்டா ஆக்கிட்டாரு. அவரு 2024 மார்ச் 1 அன்னைக்கு 68 வயசுல காலமானாரு, ஒரு வாரம் கழிச்சுத்தான் செய்தி வெளிய வந்துச்சு, அன்னைக்கு எங்க ஃப்ளோர்ல மீட்டிங் நடந்துச்சே தவிர யாரு மனசும் அதுல இல்ல. மியூசிக் போட்ட கொய்ச்சி சுகியாமா 2021ல போயிட்டாரு. எனிக்ஸோட ஒரு ஷோகி, அதான் ஜப்பான் செஸ், கேமப் பத்தி வாசகர் அட்டைல கருத்து எழுதி அனுப்பப் போய் வேலைக்கு வந்தவரு, அவரோட அரசியலுக்கு இங்கயே விமர்சனம் ஜாஸ்தி, எனக்கும் ஆகாது, ஆனா அந்த ஆரம்ப இசை ஒலிக்கத்தான் டோக்கியோ ஒலிம்பிக்ல நாடுங்க அணிவகுத்து உள்ள வந்துச்சு.

2019ல இருந்து டிராகன் குவெஸ்ட் வாக்னு போன் கேம் ஒண்ணு இருக்கு, வெளிய நடந்துக்கிட்டே விளையாடணும். அரகவா ஆத்துக் கரைல காலைல வேகமா நடந்துட்டு சட்டுனு நின்னு போனத் தட்டுற தாத்தாங்க பாதிப் பேரு அதுதான், எனக்கு ரெண்டு பேரு வணக்கம் சொல்ற அளவுக்குப் பழக்கம்.

இப்ப அஞ்சாம் பாகத்துல இருக்கேன், 1992ல வந்தது. இதுல நடுவுல கல்யாணம் பண்ணணும், கூட வளந்த பியாங்காவா, பணக்காரர் மக ஃபுளோராவா. ஆபீஸ் பார்ட்டில இந்தக் கேள்விய எடுத்தீங்கன்னா போதும், நம்ம ஊர்ல ரஜினியா கமலான்னு கேட்ட கதைதான், வாய் தொறக்காத மேனேஜர்கூட குரல ஒசத்துவாரு. நெறையப் பேரு பியாங்கா கட்சி, சீனியரும்தான். நான் ஃபுளோரா. ஃபுளோராவோட அப்பா யார கட்டுனாலும் கப்பல எப்படியும் குடுத்துருவாரு, ஆனா ஃபுளோராவ கட்டிக்கிட்டா பணமும் நல்ல அங்கியும் சீரா வேற வருதேன்னு கணக்கு சொன்னேன். சீனியர் கிளாஸ வச்சுட்டு, "உனக்கு ஆறாம் பாகம் தர்றதா இல்லையான்னு யோசிக்கணும்"னு சொல்லிட்டாரு.