கற்கைநெறி வெட்டு வரும் வழியும் அதை மறிக்கும் வழியும்

அரச பல்கலைக்கழகத்தில் ஒருவரையும் "ஆட்குறைப்பு" என்று எழுதிக் கடிதம் கொடுத்து அனுப்புவதில்லை. ஓய்வு பெற்றவரின் கதிரை நிரப்பப்படாமல் கிடக்கும். தற்காலிக விரிவுரையாளரின் ஒப்பந்தம் முடியும், அடுத்த கடிதம் வராது. வருகை விரிவுரையாளருக்கான மணித்தியாலக் கொடுப்பனவுக்கு நிதி இல்லை என்று நிதியாளர் பகுதியிலிருந்து ஒரு வரி வரும். இரண்டு வருடம் கழிய, "இந்தக் கற்கைநெறியை நடத்தப் போதிய ஆளணி இல்லை" என்ற முன்மொழிவு பீடச் சபை மேசைக்கு வந்துசேரும். எல்லாரும் அப்போதுதான் பதறுகிறார்கள். ஆனால் வெட்டு விழுந்தது முதல் கதிரை காலியான அன்றைக்கு. எதிர்ப்பும் அன்றைக்கே தொடங்க வேண்டும் என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது.

இலங்கையின் வடக்கே வன்னியில் இருப்பதே கொஞ்சம். பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகம் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்து, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதிதான் தனிப் பல்கலைக்கழகமானது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் இருக்கின்றன. போரில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, கட்டடம் கட்டி, ஆய்வுகூடம் அமைத்து எடுத்த இடங்கள் இவை. இங்கே ஒரு துறை மெலிந்தால் பக்கத்து ஊரில் இன்னொன்று கிடையாது.

இழப்பு யாருக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு அனுமதி மூன்று பங்காகப் பிரிகிறது: 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பதினாறில் அடக்கம். ஒரு கற்கைநெறியின் மொத்த எண்ணிக்கை குறைந்தால் இந்த மூன்று பங்கும் சேர்ந்தே சுருங்கும். அகில இலங்கைத் திறமையில் எடுபடக்கூடிய பிள்ளைக்கு வேறு இடம் கிடைக்கும். முல்லைத்தீவு ஒட்டுசுட்டானிலிருந்து இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரப் புள்ளி) வெட்டுக்கோட்டில் தொங்கி நிற்கும் பிள்ளைக்குத்தான் கதவு மூடுகிறது.

இனி வேலைக்கு வருவோம். முதலில் வேண்டியது ஒரு அட்டவணை. துறை வாரியாக ஐந்து நிரல்: அனுமதிக்கப்பட்ட ஆளணி, நிரப்பப்பட்டது, கற்கை விடுமுறையில் இருப்போர், வெற்றிடம், தற்காலிகமாக வேலை செய்வோர். மூன்றாவது நிரலை விட்டுவிட்டுத்தான் பெரும்பாலான ஆசிரியர் சங்கங்கள் மனு எழுதுகின்றன, அங்கேதான் தோற்கின்றன. கலாநிதிப் பட்டத்துக்காக வெளிநாடு போனவர் தாளில் "நிரப்பப்பட்ட" பதவியில் இருக்கிறார், வகுப்பறையில் இல்லை. 14 பேருக்கு 12 பேர் இருக்கிறார்கள் என்று நிருவாகம் சொல்லும். அதில் ஐந்து பேர் விடுமுறையில் என்றால் பாடம் எடுப்பது ஏழு பேர்தான். 2022 நெருக்கடிக்குப் பிறகு போனவர்கள் பலர் திரும்பவில்லை. திரும்பி வராதவர் கட்டவேண்டிய பிணைப்பணம் தீரும் வரை அந்தக் கதிரைக்கு ஆள் எடுக்காமல் இழுபடுவதும் உண்டு. ஆகவே தலைக்கணக்கை மட்டும் வைத்துப் பேசாதீர்கள், பாடம் எடுக்கும் கணக்கை வையுங்கள்.

அந்தக் கணக்கு எப்படிப் போகும் என்பதற்கு ஒரு ஆய்வுகூடத்தை எடுப்போம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு திறமைப்புள்ளி (கிரெடிட்) விரிவுரையென்றால் 15 மணித்தியாலம், செய்முறையென்றால் குறைந்தது 30. இரண்டாம் வருடத்தில் 60 மாணவர், ஒரு திறமைப்புள்ளிச் செய்முறை, ஆய்வுகூடத்தில் நிற்கக்கூடியது 20 பேர். மூன்று குழு, குழுவுக்கு 30 மணித்தியாலம், ஆக 90 மணித்தியாலம் ஒருவர் நின்று செய்விக்க வேண்டும். இப்படி ஒரு அரையாண்டில் நான்கு பாட அலகு இருந்தால் 360. தற்காலிக உதவி விரிவுரையாளர் இருவரின் ஒப்பந்தம் நின்றவுடன் இது நிரந்தர விரிவுரையாளர் தலையில் விழும். அவர்களுக்கு விரிவுரையும் ஆராய்ச்சி மேற்பார்வையும் ஏற்கெனவே இருப்பதால் நடக்கப்போவது ஒன்றுதான்: மூன்று குழுவும் இரண்டாகும், பிறகு ஒன்றாகும். ஒரு பியூரெட்டைச் சுற்றி ஆறு பேர் நிற்பார்கள், ஒருவர் திறப்பார், ஐந்து பேர் வாசிப்பைப் பார்த்து எழுதுவார்கள். பெறுபேற்று ஏட்டில் எல்லாருக்கும் அதே திறமைப்புள்ளி விழும். இதைப் பெற்றோருக்கும், பல்கலைக்கழக நிருவாகத்தைப் பார்க்கும் பேரவையின் உறுப்பினருக்கும் விளங்கும்படி ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது நூறு சுலோக அட்டைகளைவிடப் பலன் தரும். பொறியியல் என்றால் இன்னொரு வரி சேருங்கள். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இலிருந்து முழு உறுப்பினர். அதன் அங்கீகார மதிப்பீட்டில் ஆசிரியர் எண்ணிக்கையும் ஆய்வுகூட வசதியும் பார்க்கப்படும். அங்கீகாரம் தளர்ந்தால் பட்டத்தின் வெளிநாட்டுப் பெறுமதியும் தளரும்.

"காசு இல்லை" என்ற பதிலுக்கும் ஆயத்தமாக இருங்கள். தற்காலிக நியமனம் வழமையாக நிரப்பப்படாத நிரந்தரப் பதவிக்கு எதிராகவே கொடுக்கப்படுகிறது. அதாவது அந்தப் பதவிக்கு ஆளணி அனுமதி ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. "இந்த நியமனம் எந்த வெற்றிடத்துக்கு எதிரானது, அந்த வெற்றிடத்தின் சம்பளத்துக்கு இந்த வருட மதிப்பீட்டில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது" என்று எழுத்தில் கேளுங்கள். ஆளெடுக்க முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வரவில்லை என்று பதில் வந்தால், அனுமதி கேட்டு அனுப்பிய கடிதத்தின் திகதியைக் கேளுங்கள். சில வேளை அந்தக் கடிதமே போயிராது.

இந்தக் கேள்விகளுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். பல்கலைக்கழகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. கையளித்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அல்லது பேசாமல் இருந்தால் 14 நாளுக்குள் பல்கலைக்கழகத்திலேயே மேன்முறையீடு கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவருக்கு மூன்று கிழமை. அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. "ஆளணி பற்றிய விபரம் தரவும்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஆவணத்தின் பெயரையும் காலத்தையும் சொல்லிக் கேளுங்கள்: இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை நடந்த பேரவைக் கூட்டங்களின் அறிக்கைகளில் இன்ன கற்கைநெறி தொடர்பான பகுதி. ஒரு விண்ணப்பத்தில் மூன்று நான்கு விடயத்துக்கு மேல் வேண்டாம். ஒன்று சிக்கினால் எல்லாம் சிக்கும்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதில் நிறையப் பேர் பிழைவிடுகிறார்கள். மனு எல்லாம் துணைவேந்தர் பெயருக்குப் போகிறது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி கல்வி விடயத்துக்கு அதிகாரம் மூதவைக்கு (செனட்), நிருவாகத்துக்கும் நிதிக்கும் பேரவைக்கு. கல்வி சார்ந்த ஒன்றில் மூதவை தன் அபிப்பிராயத்தைப் பதிந்து அனுப்ப வாய்ப்புக் கொடுக்காமல் பேரவை தீர்மானம் எடுக்க முடியாது. கற்கைநெறிக்கு எத்தனை மாணவர் என்று தீர்மானிப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, அதுவும் பல்கலைக்கழகத்தைக் கலந்தாலோசித்து. ஆகவே "நிதி விடயம்" என்று பெயரிட்டு ஒரு கற்கைநெறியின் இடைநிறுத்தத்தை நேரே பேரவைக்குக் கொண்டுபோனால், முதல் கேள்வி: மூதவை இதைப் பார்த்ததா, எந்தத் திகதியில், அபிப்பிராயம் எங்கே? மூதவையில் உங்கள் பீடத்திலிருந்து இருப்பவர் யார் என்று அறிந்து, நிகழ்ச்சிநிரல் வந்த அன்றே அவரிடம் ஒரு பக்கக் குறிப்பைக் கொடுங்கள். கூட்டத்தில் எதிர்த்துப் பேசினால் மட்டும் போதாது, "என் எதிர்ப்பு அறிக்கையில் பதியப்பட வேண்டும்" என்றும் கேட்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் அறிக்கை உறுதிப்படுத்தப்படும்போது அது பதியப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலைதான். பதியப்படாத எதிர்ப்பு நாளைக்கு நீதிமன்றத்தில் நடக்காத எதிர்ப்பாகிவிடும்.

பணிப்புறக்கணிப்பு பற்றி ஒன்று. 2012 யூலை முதல் ஒக்ரோபர் வரை பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் நடத்திய போராட்டம் ஏறத்தாழ நூறு நாள் ஓடியது. சம்பளக் கோரிக்கை அதில் இருந்தும், மக்கள் மனத்தில் நின்றது கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் என்பது. கோரிக்கை மாணவருடையதாகவும் இருந்ததால்தான் அவ்வளவு நாள் தாக்குப்பிடித்தது. பரீட்சை வினாத்தாளை மட்டும் நிறுத்திவைக்கும் போராட்டம் வன்னியில் இரண்டாம் கிழமையே பெற்றோரை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். கடன்பட்டு அறை வாடகை கட்டும் குடும்பத்துக்கு ஒரு அரையாண்டு பிந்துவது பெரிய அடி. நிரந்தர ஆசிரியர் செய்யக்கூடிய வலுவான காரியம் வேறு இருக்கிறது: ஒப்பந்தம் நின்றவரின் மணித்தியாலங்களைச் சத்தமில்லாமல் பங்கிட்டு எடுக்காமல், "இந்தக் குழுவுக்கு ஆள் இல்லை" என்று நேரசூசியில் வெறுமையாகவே காட்டுவது. அன்பினால் இடைவெளியை நிரப்பப்போய், ஆள் தேவையில்லை என்பதற்குச் சான்று கொடுத்துவிடுகிறார்கள்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதவருக்கு நாட்காட்டிதான் முதல் எதிரி. அடிப்படை உரிமை மீறல் மனு உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். பதிவாளரின் பதிலுக்காகக் காத்திருந்து அந்த மாதத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில், வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, முறைப்பாடு செய்தால் அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாடு போட்டுவிட்டு வீட்டில் இருந்தால் இந்தப் பாதுகாப்புக் கைவிட்டுப் போகலாம். விசாரணை நடக்கிறது என்பதற்கு எழுத்துச் சான்று எடுத்து வையுங்கள், சட்டத்தரணியையும் அந்த மாதத்துக்குள்ளேயே பாருங்கள். ஒவ்வொரு நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, உங்கள் பெயர் உள்ள நேரசூசி எல்லாவற்றையும் பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கு வெளியே பிரதி எடுங்கள். ஒப்பந்தம் முடிந்தால் அந்தக் கணக்கும் பூட்டப்படும். "எனக்கு மேலதிகக் கோரிக்கை எதுவும் இல்லை" என்ற வரியுள்ள எந்தத் தாளிலும் சம்பள நிலுவைக்காக அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள்.

கடைசியாக, எவரும் கணக்கில் எடுக்காதவர்கள்: துப்புரவு, காவல் வேலை செய்யும் ஒப்பந்தக் கம்பனி ஊழியர். சிக்கனம் என்றவுடன் முதலில் குறைவது இவர்கள் எண்ணிக்கை, அதிலும் பெரும்பாலும் அயலூர்ப் பெண்கள். இவர்களின் தொழில்தருநர் பல்கலைக்கழகம் அல்ல, கம்பனி. அதனால் தனியார் துறைச் சட்டங்கள் பொருந்தும். பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலைசெய்யும் கம்பனி, 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். ஐந்து வருடம் நிறைந்தவருக்குப் பணிக்கொடை, மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். கேள்விப்பத்திரம் (டெண்டர்) மாறி, அதே ஆள் அதே கூட்டுமாறோடு புதிய கம்பனியின் சட்டையைப் போடும்போது இந்த ஐந்து வருடம் அறுந்துபோகிறது. கம்பனி மாறும் மாதத்தில் சங்கத்திலிருந்து ஒருவர் போய் அவர்களின் ஊழியர் சேமலாப நிதி இலக்கத்தையும் வேலைக்குச் சேர்ந்த திகதியையும் எழுதி எடுத்து வைக்க வேண்டும். அரை நாள் வேலை.