முதல் இறகு உதிர்ப்பும் ஓர் உடைந்த ரத்த இறகும்

கூண்டின் அடித்தட்டில் விரித்திருந்த செய்தித்தாளில், அக்டோபர் மாதத்தின் ஒரு காலையில், 23 இறகுகளை எண்ணினேன். எங்கள் முத்துவுக்கு அப்போது ஏழு மாதம். சாம்பல் நிறக் காக்டெயில்; தலையில் கொண்டையுள்ள சிறு கிளியினம். மூன்று மாதக் குஞ்சாகக் கடையிலிருந்து வாங்கி வந்தோம். ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் இறகு உதிர்ப்பு வரும் என்று முன்பே படித்திருந்தேன். ஆனாலும் பகலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதையும், தொட வந்தால் சீறுவதையும், கழுத்தைச் சுற்றி முள் முள்ளாக ஏதோ முளைத்திருப்பதையும் பார்த்தபோது, படித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நோய்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். அந்த முடிவோடு நான் செய்த முதல் காரியத்தை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது.

பறவையை வாங்கிய கடைக்கே போய்க் கேட்டேன். கடைக்காரர் பறவையைப் பார்க்கவில்லை, கைபேசியில் இருந்த படத்தையும் பார்க்கவில்லை. "செல்லு பிடிச்சிருக்கும்" என்று, அதாவது இறகில் பேன் பற்றியிருக்கும் என்று சொல்லி, நாய்களுக்கு உண்ணி விழப் போடும் பொடியைச் சிறு பொட்டலமாகக் கட்டித் தந்தார். கூடவே தண்ணீரில் கலக்க ஒரு வைட்டமின் சொட்டு மருந்து. இரண்டுக்கும் ரசீது கிடையாது. அன்று மாலை அந்தப் பொடியை ஒரு சிட்டிகை முதுகில் தூவினேன். அலகால் இறகைக் கோதுவதுதான் இந்தப் பறவைக்கு நாள் முழுவதும் வேலை. இறகு முளைக்கும் காலத்தில் அது இன்னும் கூடும். முதுகில் விழுந்த பொடி சிறிது நேரத்திலேயே வாய்க்குள் போய்விடும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. அம்மாதான், பறவை கோதிக் கோதி வாயைத் துடைப்பதைக் கவனித்து, ஈரத்துணியால் உடனே துடைக்கச் சொன்னார். உண்ணிப் பொடிகளில் பெரும்பாலானவை பூச்சிகளின் நரம்பைத் தாக்கும் மருந்துகள்; பறவையின் நரம்பையும் அவை விட்டுவைப்பதில்லை. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

சொட்டு மருந்தால் அவ்வளவு ஆபத்து இல்லை. ஆனாலும் தண்ணீரின் சுவை மாறியதால் முத்து குடிப்பதைக் குறைத்துவிட்டது, மதியத்துக்குள் கிண்ணத்தில் வழவழப்பும் படிந்தது. அதையும் நிறுத்தினேன்.

அந்தக் கடையில் எங்களுக்கு இன்னொரு கேடும் முன்பே நடந்திருந்தது. வாங்கிய நாளில், பறந்துவிடாமல் இருக்க இறக்கையை வெட்டித் தரவா என்று கேட்டார்கள். வீட்டில் மின்விசிறி ஓடும் என்பதால் நானும் சம்மதித்தேன். இரு பக்கமும் நீண்ட பறக்கும் இறகுகளைக் கத்தரியால் நறுக்கினார்கள். வெட்டிய இறகு தலைமுடிபோல வளராது. அடுத்த உதிர்ப்பில் அந்தத் தண்டு விழுந்து, அந்த இடத்தில் புதிய இறகு முளைத்தால்தான் உண்டு. அப்படி முளைக்கும் இறகு முதல் சில வாரங்கள் ஒரு மெல்லிய உறைக்குள் இருக்கும். உறைக்குள் ரத்தம் ஓடும். இதைத்தான் ரத்த இறகு என்கிறார்கள். பக்கத்தில் முழு நீள இறகுகள் இருந்தால் அவை இந்த இளம் இறகை அணைத்துக் காக்கும். வெட்டப்பட்ட இறக்கையில் அந்தக் காவல் இல்லை. ரத்தம் நிறைந்த அந்தக் குச்சி தனியே நீட்டிக்கொண்டு நிற்கும். இதை அன்று யாரேனும் சொல்லியிருந்தால் சம்மதித்திருக்கவே மாட்டேன்.

மூன்றாவது வாரத்தில் ஓர் இரவு, ஒன்றரை மணி இருக்கும், இடி இடித்து மின்சாரமும் போனது. காக்டெயில்களுக்கு இருட்டில் திடுக்கிட்டால் கண்மண் தெரியாமல் அடித்துக்கொள்ளும் சுபாவம் உண்டு. கூண்டுக்குள் படபடவென்று சத்தம். டார்ச் விளக்கோடு ஓடினால், கம்பிகளிலும் செய்தித்தாளிலும் ரத்தத் துளிகள். இடது இறக்கையில் வளர்ந்துகொண்டிருந்த ஓர் இறகு பாதியில் முறிந்து தொங்கியது.

முத்துவின் எடை 90 கிராம். உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ரத்தம் என்றால், மொத்தமே 9 மில்லிலிட்டர் அளவுதான். ஒரு தேக்கரண்டி ரத்தம் போனால் பாதிக்கு மேல் போய்விடும். சிறு துண்டில் பறவையைச் சுற்றி, மார்பை அழுத்தாமல் தலையையும் இறக்கையையும் மட்டும் பிடித்துக்கொண்டேன். நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்கினால்தான் பறவை மூச்சுவிட முடியும் என்பதால், பயத்தில் இறுகப் பிடித்துவிடக் கூடாது. அம்மா அடுக்களையிலிருந்து சூப்பில் போடும் கார்ன்ஃப்ளோர் மாவைக் கொண்டு வந்தார். முறிந்த நுனியில் மாவை அப்பி விரலால் மெல்ல அழுத்திப் பிடித்தேன். நான்கைந்து நிமிடம் ஆனது, நின்றது. "விளக்க அணைக்காதடா, அது நம்ம முகத்தப் பாக்கட்டும்" என்று அம்மா சொல்லி, விடியும்வரை டார்ச்சைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

காலையில் போன இடத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர், மழையில் ஆட்டோ. செல்லப் பிராணிகள் மருத்துவமனை என்று பெரிய பலகை. சீட்டு எழுதும் ஊழியர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கிளி வளர்ப்பது குற்றம், சீட்டு போட முடியாது, வனத்துறை கேட்டால் யார் பதில் சொல்வது என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. நம் நாட்டுப் பச்சைக்கிளிகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான். ஆனால் காக்டெயில் ஆஸ்திரேலியப் பறவை. வெளிநாட்டுப் பறவை வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியல்களில்கூடக் கிளியினத்தில் விலக்குப் பெற்ற சிலவற்றுள் இதுவும் ஒன்று. இதைப் பொறுமையாகச் சொன்னேன். அப்படியானால் வாங்கிய ரசீதைக் காட்டு என்றார். என்னிடம் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் உள்ளேயிருந்து வந்த ஒருவர், இங்கே நாயும் பூனையும் மட்டும்தான், பறவை பார்ப்பதில்லை என்றார். அந்த ஒரு வாக்கியத்தை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஆகவே, பறவை வாங்கும்போதே ரசீதில் "காக்டெயில்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பறவை நலமாக இருக்கும்போதே, பறவை பார்க்கும் மருத்துவர் யார் என்று விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள். தொலைபேசியில் கேட்கும்போது "கிளி" என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள்.

மதியத்துக்குள் நண்பர் ஒருவர் மூலம் பறவைகள் பார்க்கும் ஒரு மருத்துவர் கிடைத்தார். வெளிச்சத்தில் இறக்கையை விரித்துப் பார்த்து, ரத்தம் நின்றுவிட்டதால் இறகைப் பிடுங்க வேண்டாம் என்றார். பிடுங்கினால் இறகு முளைக்கும் குழியே சேதமாகலாமாம். மறுபடி கசிந்தால் மட்டும் கொண்டுவரச் சொன்னார். செல்லும் இல்லை, நோயும் இல்லை. இரு பக்கமும் சமமாக உதிர்வதும், வெற்றுத் தோல் எங்கும் தெரியாமல் இருப்பதும் இயல்பான உதிர்ப்பின் அடையாளம் என்றும், வழுக்கை விழுந்தாலோ, புதிதாக வரும் இறகுகள் முறுக்கிக்கொண்டோ வளைந்தோ வந்தாலோதான் சோதனை தேவை என்றும் விளக்கினார். உண்ணிப் பொடி தூவியதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. ஒரு சிட்டிகையோடு துடைத்துவிட்டதால் தப்பித்தீர்கள் என்றார்.

பிறகு உணவைப் பற்றிப் பேசினார். இறகு ஏறக்குறைய முழுவதும் புரதத்தால் ஆனது. உடம்பு முழுவதும் அதைப் புதிதாக நெய்ய வேண்டியிருக்கும்போது தினையும் கம்பும் மட்டும் போதாது. அன்றிலிருந்து வேகவைத்த முட்டையை உப்பில்லாமல் உதிர்த்து ஒரு சிறு கரண்டியளவு காலையில் வைத்தேன். சென்னை வெக்கையில் முட்டை சீக்கிரம் கெடும் என்பதால் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவேன். முளைகட்டிய பச்சைப்பயறு, துருவிய கேரட், முருங்கைக்கீரை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். கீரையை முதல் நான்கு நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் ஈரம் சொட்டக் கொத்தாகத் தொங்கவிட்டதும் அதில் உடம்பைத் தேய்த்துக் குளித்துவிட்டுத் தின்றது. கடல் நுரை, அதாவது கணவாய் ஓடு, கூண்டில் எப்போதும் இருந்தது.

கூண்டைக் கூடத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றியதுதான் பெரிய மாற்றம். கூடத்தில் பதினொன்றரை மணிவரை தொலைக்காட்சியும் விளக்கும் இருக்கும். பறவையின் உடல், வெளிச்சம் எத்தனை மணி நேரம் என்பதை வைத்துத்தான் பருவத்தைக் கணிக்கிறது. விளக்கு வெளிச்சம் நீண்டால் உதிர்ப்பும் ஒழுங்கு தவறும். மாலை ஏழு மணிக்குக் கூண்டின் மூன்று பக்கம் துணியால் மூடி, ஒரு மூலையில் பேட்டரியில் எரியும் மங்கலான விளக்கை வைத்தோம். அதற்குப் பிறகு மூன்று முறை இரவில் மின்சாரம் போனது. ஒரு முறைகூட முத்து அடித்துக்கொள்ளவில்லை.

தினமும் காலையில் சமையலறைத் தராசில் எடை பார்த்தேன். 90 கிராம் 86க்கு இறங்கியபோது உறக்கம் போனது. ஒன்பது கிராம் குறைந்தால் வரச் சொல்லியிருந்தார் மருத்துவர். இரண்டு வாரத்தில் 91 ஆனது. வெயில் வரும் நாளில் காலை பத்து மணிக்குள் வெதுவெதுப்பான தண்ணீரைப் பூத்தூவலாகத் தெளித்தேன். மழை நாளிலும் மாலையிலும் தெளிப்பதில்லை.

தலையில் முளைத்த முள் இறகுகளை முத்துவால் எட்ட முடியாது. இணைப்பறவை இருந்தால் அது கோதிவிடும். இங்கே என் விரல்தான். அடியில் நீலம் தெரிந்துகொண்டிருக்கும்போது தொடக் கூடாது. அதற்குள் ரத்தம் இருக்கிறது, தொட்டால் வலிக்கும். அவசரப்பட்டுத் தொட்டு இரண்டு முறை நன்றாகக் கடி வாங்கினேன். உறை வெளுத்துக் காய்ந்த பிறகு நகத்தால் மெல்ல உருட்டினால் பொடிப்பொடியாக உதிரும். ஏழாவது வாரத்தில் ஒரு மாலை, முத்துவே தலையைக் குனிந்து கம்பியோரம் வந்து நின்றது. கன்னத்தில் ஒரு உறையை உருட்டியதும் உள்ளேயிருந்து வந்தது சாம்பல் அல்ல, நல்ல எலுமிச்சை மஞ்சள்.

முதல் உதிர்ப்புவரை காக்டெயிலில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும். அதன் பிறகு ஆணுக்குத்தான் முகம் நன்றாக மஞ்சளாகி, வாலடிக் கோடுகள் மறையும். கடையில் பெண் என்று உறுதியாகச் சொல்லித்தான் தந்தார்கள். ஒன்பதாவது வாரம் முகம் முழுவதும் மஞ்சளாகிவிட்டது. வாலடியில் குறுக்குக்கோடு போட்ட பழைய இறகு ஒன்று விழுந்து, கோடில்லாத கறுப்பு இறகு அந்த இடத்தில் நீளத் தொடங்கியது. இடது இறக்கையில் முறிந்த தண்டு தானாகவே விழுந்த அன்று, அதன் கீழே புதிய குருத்து ஒன்று தலைகாட்டியிருந்தது. வலப்பக்கம் நான்கு இறகுகள் முழு நீளம் வந்துவிட்டன. இறக்கையை இனி யாரும் வெட்டப் போவதில்லை; முத்து வெளியே இருக்கும் நேரத்தில் மின்விசிறியின் சுவிட்சுக்கு மேல் அம்மா ஒரு துண்டு நாடாவை ஒட்டிவிடுகிறார்.