ஒரே ஆப்ஷனை இரண்டு ஃபைல்கள் தொடும்போது

ஒரு ஆப்ஷனுக்கு ஒரு மதிப்பைக் கொடுத்து, அதே மதிப்பு திரும்பி வருகிறதா என்று பார்க்கும் டெஸ்டால் எனக்குப் பெரிய பயன் இருந்ததில்லை. முழு சிஸ்டத்தையும் கான்ஃபிக் ஃபைல்களில் எழுதி உருவாக்கும் லினக்ஸ் வகையான நிக்ஸ்ஓஎஸ்ஸில், அந்த ஃபைல்களை, அதாவது மாட்யூல்களை, எழுதுவதும் பராமரிப்பதும் என் வேலையில் பாதி. அங்கே நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை, அதே ஆப்ஷனை இன்னொரு ஃபைலும் தொட்ட பிறகுதான் முளைத்தன. இரண்டும் சேரும்போது எது மிஞ்சுகிறது, எது சத்தமே இல்லாமல் காணாமல் போகிறது, இதைத்தான் டெஸ்ட் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு ஆப்ஷனின் டைப்புக்கும் ஒரு மெர்ஜ் விதி, அதாவது பல ஃபைல்களில் இருந்து வரும் மதிப்புகளை ஒன்றாக்கும் விதி, உண்டு என்பது இதில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். லிஸ்ட் என்றால் ஒன்றோடு ஒன்று சேர்ந்து நீளும். லைன்ஸ் என்றால் புது வரி போட்டு ஒட்டப்படும். எண்ணோ பூலியனோ சாதாரண ஸ்ட்ரிங்கோ என்றால், எல்லோரும் ஒரே மதிப்பைச் சொல்லியிருந்தால் சரி, இல்லாவிட்டால் எரர். ஆனால் இந்த விதி வேலைக்கு வருவதற்கு முன்பே ஒரு வடிகட்டல் நடந்து முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு வரையறைக்கும் ஒரு முன்னுரிமை எண் இருக்கிறது. ஆப்ஷனை அறிவிக்கும்போது தரும் டீஃபால்ட்டுக்கு 1500, மற்றவர் மாற்றிக்கொள்ளலாம் என்று குறிக்கும் எம்கேடீஃபால்ட்டுக்கு 1000, சும்மா எழுதினால் 100, இதுதான் நிற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் எம்கேஃபோர்ஸுக்கு 50. இருப்பதிலேயே சின்ன எண் கொண்டவை மட்டும் உள்ளே போகும், மற்றவை எல்லாம் வெளியே. மெர்ஜ் என்பது மிஞ்சியவர்களுக்குள் மட்டும் நடப்பது. வெளியே போனவற்றுக்காக எரர் வராது, எச்சரிக்கையும் வராது.

ஃபயர்வாலை எடுத்துக்கொள்ளுங்கள். திறக்க வேண்டிய டிசிபி போர்ட்டுகளின் லிஸ்ட்டில் தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் மாட்யூல் தானாகவே தன் போர்ட்டான 22-ஐச் சேர்த்துவிடும், வெப் சர்வருக்கான ஃபைலில் நாம் 80, 443 என்று எழுதுவோம், மூன்றும் திறந்திருக்கும். இப்போது யாரோ ஒருவர், இந்த இயந்திரத்தில் வெப் போர்ட்டுகள் மட்டும் போதும் என்று நினைத்து, அந்த வரியை எம்கேஃபோர்ஸ் போட்டுச் சுற்றிவிடுகிறார். 22 போய்விட்டது. சிஸ்டம் சொன்னதைத்தான் செய்தது, பில்டும் சுத்தமாக முடியும், அப்புறம் அடுத்த முறை லாகின் செய்யப் போகும்போதுதான் தெரியும். இறுதி லிஸ்ட்டில் 22 இருக்கிறதா என்று ஒரு வரி டெஸ்ட் கேட்டிருந்தால் இது வெளியே போயிருக்காது.

இதே விதியின் இன்னொரு முகம்தான் என் அனுபவத்தில் ஆட்களை அதிகம் குழப்புவது. லிஸ்ட் வகை ஆப்ஷன் ஒன்றுக்கு மாட்யூல் எழுதியவர் டீஃபால்ட்டாக இரண்டு மதிப்புகள் வைத்திருப்பார், பயன்படுத்துபவர் மூன்றாவது ஒன்றைச் சேர்க்க நினைத்து அதை மட்டும் எழுதுவார். லிஸ்ட் ஆயிற்றே, சேர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. 1500-க்கு எதிரே 100. மிஞ்சுவது அவர் எழுதிய ஒன்றுதான். அதனால் எங்கள் டீமில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: எப்போதும் இருந்தே ஆக வேண்டிய மதிப்புகளை டீஃபால்ட்டில் வைக்காமல் மாட்யூலின் கான்ஃபிக் பகுதியிலேயே எழுதுவது, மாற்றிக்கொள்ளட்டும் என்று விடுவதை மட்டும் டீஃபால்ட்டில் வைப்பது. இரண்டுக்கும் தனித்தனி டெஸ்ட் உண்டு. பிறகு யாராவது 'சுத்தம்' செய்யும் நல்லெண்ணத்தில் ஒன்றை இன்னொரு இடத்துக்கு நகர்த்தினால் டெஸ்ட் சிவப்பாகிவிடும்.

மதிப்பாக ஒரு அட்ரிபியூட் செட்டை, அதாவது பெயரும் மதிப்புமான ஜோடிகளின் தொகுப்பை, ஏற்கும் ஆப்ஷனில் எம்கேடீஃபால்ட்டை எங்கே வைக்கிறோம் என்பதும் இப்படித்தான். ஏ, பி என்ற இரண்டும் உள்ள செட்டை மொத்தமாக எம்கேடீஃபால்ட்டுக்குள் வைத்துவிட்டு, வேறொரு ஃபைலில் சி மட்டும் எழுதினால், கடைசியில் சி மட்டும்தான் இருக்கும். அதே எம்கேடீஃபால்ட்டை உள்ளே இறக்கி ஏ-வின் மதிப்புக்கும் பி-யின் மதிப்புக்கும் தனித்தனியே போட்டால் மூன்றும் இருக்கும். அந்தச் சொல் செட்டுக்கு வெளியே நிற்கிறதா உள்ளே நிற்கிறதா என்பதுதான் வித்தியாசம். ரிவ்யூவில் கண்ணுக்குப் படவே படாது, டெஸ்ட்தான் பிடிக்கும்.

இதற்கு முழு சிஸ்டத்தையும் பில்ட் செய்யத் தேவையில்லை. மாட்யூல்களைச் சேர்த்து மதிப்பிடும் எவால்மாட்யூல்ஸ் ஃபங்ஷனுக்கு இரண்டு மூன்று குட்டி மாட்யூல்களைக் கொடுத்துவிட்டு, வரும் மதிப்பை மட்டும் பார்த்தால் போதும். நிக்ஸ்ஓஎஸ்ஸின் மூலக் கோடு இருக்கும் நிக்ஸ்பேக்கேஜஸ் ரெப்போவிலேயே மாட்யூல் சிஸ்டத்துக்கான டெஸ்ட்டுகள் இப்படித்தான் இருக்கின்றன. ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் சில சின்ன ஃபைல்கள், வெளியீடு ஒரு ரெஜெக்ஸோடு, அதாவது உரையின் வடிவத்தைச் சொல்லும் குறியீட்டோடு, பொருந்துகிறதா என்ற சோதனை, அவ்வளவுதான். எழுதிப் பழக அதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது. ரெஜெக்ஸுக்குத் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் போட வேண்டும், இல்லையென்றால் 1 என்று எதிர்பார்க்கும் டெஸ்ட் 100 வந்தாலும் பச்சை காட்டும்.

சோம்பல் மதிப்பீடு தனி விவகாரம். இந்த மாட்யூல்கள் எழுதப்படும் நிக்ஸ் மொழி ஒரு மதிப்பை யாராவது கேட்டால்தான் கணக்கிடும். ஒரு செட்டின் உள்ளே எங்கோ இரண்டு வரையறைகள் மோதிக்கொண்டிருந்தாலும் அந்த மூலையை டெஸ்ட் தொடவில்லை என்றால் எல்லாம் நலம் என்றே பதில் வரும். கட்டளையை ஸ்ட்ரிக்ட் ஃப்ளாகோடு (--strict) ஓட்டினால்தான் உள்வரை இறங்கிப் பார்க்கும். எரர் வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் டெஸ்ட்டை மொழிக்குள்ளேயே எரரைப் பிடிக்கும் ட்ரைஎவால் வைத்து எழுதலாமே என்று கேட்பார்கள். அது கோடில் நாமே எழுதி எழுப்பும் த்ரோவையும் அசர்ட்டையும் மட்டும் பிடிக்கும், முடிவில்லாத ரிகர்ஷனையோ டைப் குழப்பத்தையோ பிடிக்காது. அதனால் அந்த டெஸ்ட்டுகளை மொழிக்கு வெளியே, ஷெல்லிலிருந்தே ஓட்டுகிறோம்.

மாட்யூல்களை இம்போர்ட் செய்யும் வரிசையை மாற்றி இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. லிஸ்ட்டிலும் லைன்ஸிலும் எது முதலில் வரும் என்பது முக்கியமானால் எம்கேபிஃபோர், எம்கேஆஃப்டர் போட்டுச் சொல்லிவிட வேண்டும். முதலாவதன் வரிசை எண் 500, இரண்டாவதற்கு 1500, ஒன்றும் போடாவிட்டால் 1000. இந்த எண்கள் முன்னுரிமை எண்களோடு சம்பந்தமே இல்லாதவை. எம்கேஆஃப்டரின் 1500-ஐப் பார்த்துவிட்டு அது டீஃபால்ட்டைப் போல வலுவற்றது என்று நினைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது எதையும் கழிப்பதில்லை, கடைசிக்குத் தள்ளும், அவ்வளவே.

எரர் செய்தியையும் டெஸ்ட் செய்ய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இரண்டு மதிப்புகள் மோதும்போது எந்தெந்த ஃபைலில் இருந்து வந்தவை என்று மாட்யூல் சிஸ்டம் சொல்லும், ஆனால் ஃபைலாக இல்லாமல் நேரடியாகக் கோடுக்குள் எழுதித் தந்த மாட்யூல் என்றால் 'தெரியாத ஃபைல்' என்றுதான் வரும். அவசரத்தில் அதைப் படிக்கும் ஆளுக்கு அது ஒன்றுமே சொல்லாத வாக்கியம். ஃபைல் பெயரை அந்த மாட்யூலிலேயே குறித்து வைக்க வழி இருக்கிறது. அதனால் எங்கள் மோதல் டெஸ்ட்டுகள் ஒவ்வொன்றும், செய்தியில் இரண்டு ஃபைல் பெயர்களும் இருக்கின்றனவா என்று தேடுகின்றன.